கட்டை மேல் பழி

தை 27, ஞாயிறு

நேற்று சீர்காழியில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பாட்டுக் கூடத்துக்கும் மேடைக்கும் நடுவில் எங்களை உட்கார வைத்தார்கள். பாயச வாளி தூக்கிக்கொண்டு போகிறவன் ஒவ்வொரு தடவையும் தவில்காரர் தலைக்கு மேலாகத்தான் போனான். இந்த ஜனங்களுக்கு நாயனம் என்பது வாசலில் கட்டிய வாழைமரம், சீரியல் விளக்கு வகையைச் சேர்ந்த ஒரு ஜோடனை. இருந்தால் போதும், கேட்க வேண்டியதில்லை.

இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரர் தோடியை எடுத்தார். எங்கள் போர்டில் ‘சோமாஸ்கந்தன் நாதஸ்வரம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘உடன் பங்கஜவல்லி’ என்று இருக்கும். பொடி எழுத்து நான். கல்யாணமானதிலிருந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது நாயனம் வாசிக்கிறேன்.

மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது இவருக்குச் சத்தம் அறுந்தது. நான் உடனே அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் காது வேண்டும். பெண்ணின் பெரியப்பா, ரிட்டயர்ட் தாசில்தார், அவர் மட்டும் பக்கத்தில் வந்து, “என்ன வித்வான், நின்னு போச்சு?” என்றார்.

இவர் நாயனத்தை மடியில் கிடத்திக்கொண்டு, “கட்டை செத்துப்போச்சுங்க. ஆச்சாவுக்கும் ஆயுசு இருக்குல்ல” என்றார். தாசில்தார் தலையை ஆட்டினார். ஆச்சா மரத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கொடுத்துப் பழகியவர் மாதிரி அப்படி ஒரு ஆட்டு.

வீட்டுக்கு வந்ததும் பிரகடனம். புது நாயனம் செய்கிற வரை இனிமேல் மேடை ஏறப்போவதில்லையாம். நாயனம் செய்யக் கடையில் விற்கிற மரம் ஆகாது. ஆச்சாதான் வேண்டும், அதுவும் ஏதாவது ஒரு பழைய கட்டடத்தில் இரண்டு மூன்று தலைமுறை உத்திரமாகவோ தூணாகவோ கிடந்து காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் வாசிக்கிறவர் மூச்சின் ஈரம் பட்டு வெடித்துவிடும். காட்டில் நிற்கிற ஆச்சாவில் கைவைத்தால் வனத்துறை தூக்கி உள்ளே போட்டுவிடும். ஆக, யார் வீடு இடிகிறது என்று பார்த்துக்கொண்டு திரிய வேண்டும்.

“கட்டைதான் காரணம், இல்ல பங்கஜம்?” என்று கேட்டார்.

“ஆமாம், கட்டைதான்” என்றேன். வேறென்ன சொல்வது.

மாசி 3, சனி

செல்வகணபதி ஆசாரி பட்டறைக்குப் போனோம். நாயனம் செய்கிறவர். பட்டறைச் சுவரில் கடைசல் உளிகளைவிடப் படங்கள்தான் அதிகம். ஒரு வெள்ளைக்காரியோடு, ஒரு அமைச்சரோடு, அதே வெள்ளைக்காரியோடு இன்னொரு கோணத்தில். நம்மை உட்காரச் சொல்வதற்கு முன்னால் சுவரைப் பார்க்கச் சொல்வார்.

இவருடைய நாயனத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே கண்ணை விட்டார். பிறகு நாணல் சீவாளியைப் பொருத்தி ஊதினார். ஆசாரி வாசிப்பு என்பது கேட்கச் சகிக்காத ஒன்று, ஆனால் சத்தம் பட்டறையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தெருவில் ஒரு சைக்கிள்காரன் நின்று பார்த்தான்.

“கட்டை நல்லாத்தானே இருக்கு அண்ணே” என்றார் ஆசாரி.

இவர் சுவரில் இருந்த அமைச்சரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆசாரி இவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்க ரெண்டு நிமிஷம் ஊதினா நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மணி நேரம் ஊதிப் பாருங்க, தெரியும்” என்றேன்.

“அதுவும் சரிதான் அண்ணி” என்று உடனே பின்வாங்கிவிட்டார். புதிதாக ஒரு ஜோடி செய்கிற வேலையை யார் வேண்டாம் என்பார்கள். மரம் மட்டும் நாங்கள் கொண்டுவர வேண்டுமாம். இரண்டு நாயனமும் ஒரே உத்திரத்திலிருந்து வர வேண்டும். வேறு வேறு கட்டையானால் சுருதி சேர்ந்தாலும் குரல் சேராது. இது ஊருக்கே தெரிந்த விஷயம். என்னவோ அவரே கண்டுபிடித்தது மாதிரி சொன்னார்.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் இவர் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ் எங்கே நிற்கிறது என்று அங்கிருந்து நன்றாகத் தெரிகிறதாம். பஸ் கடைசி வரிசையில் நின்றது.

மாசி 11, ஞாயிறு

மரப் புரோக்கர் இருதயராஜ் வந்தான். ஆத்தூர்க்காரன். கழுத்தில் சிலுவை, அதன் மேல் கருங்காலி மணி மாலை. இப்போது தெருவில் எவனைப் பார்த்தாலும் கழுத்தில் இதுதான் தொங்குகிறது. பத்தாம் வகுப்பில் தவறினவன், கடனில் மாட்டினவன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவன் எல்லோருக்கும் ஒரே மருந்து. நல்லவேளை, ஆச்சாவில் மணி உருட்டினால் யோகம் வரும் என்று இன்னும் எவனும் யூடியூபில் சொல்லவில்லை. சொன்னால் நாட்டில் நாயனம் செய்ய ஒரு குச்சி மிஞ்சாது.

இருதயராஜ் மரத்தைப் பற்றிப் பேசினால் பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருக்கும். “கட்டைங்களா அது? செம்பு மாதிரி நெறமுங்க. தட்டினா மணியாட்டம் பேசுமுங்க. தண்ணியில போட்டா கல்லு மாதிரி முங்கிருமுங்க.” ஆத்தூர்ப் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லை இடிக்கிறார்களாம். இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் காபி கொடுத்தேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மாசி 15, வியாழன்

ஆத்தூர் போய்வந்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று. மில் முற்றத்தில் ஆச்சா உத்திரம் தவிட்டுக் குவியல் நடுவே கிடந்தது. நான் பார்த்த வரையில் முதல் தரம். இவர் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“கணு இருக்குது.”

கடுகளவு கணு. நாயனத்துக்கு எடுக்கிற பாகத்தில்கூட அது வராது. இருதயராஜ் அதை அளந்து காட்டினான். தரையில் கோடு போட்டுக் காட்டினான். கணு என்றால் கணுதான் என்று இவர் நகர்ந்துவிட்டார். பிடிவாதத்தில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கடுகுக்காகப் பகல் முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி, புளிச்சோறு தின்று, திரும்பிவந்தோம்.

நானும் சேர்ந்து, “கணு உள்ள ஓடியிருந்தா என்ன பண்ணுறது, வேணாம்” என்று சொன்னேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். புருஷனை வெளியூரில் விட்டுக்கொடுக்க முடியாது.

மாசி 16, வெள்ளி

தவிட்டுத் தூசி. ராத்திரியெல்லாம் இவருக்கு இருமல். தலையணை மூன்று வைத்து உட்கார்ந்தவாக்கில் தூங்கினார். ரேஷனில் பாமாயில் வரவில்லை.

மாசி 20, செவ்வாய்

எனக்கு முட்டி வலி என்று டாக்டரிடம் போனேன். துணைக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வந்ததுதான் வந்தோம் என்று இவருக்கும் நெஞ்சில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொன்னார்கள். ஊரெல்லாம் ஊதின மனுஷர் அந்தப் பிளாஸ்டிக் குழாயில் ஊதிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் சின்னப் பையன். இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் படத்தைக் காட்டினான். நுரையீரல் தேங்காய் நார் மாதிரி ஆகிக்கொண்டு வருகிறதாம். திரும்பாதாம். மாத்திரை கொடுத்தால் மெதுவாகப் போகுமாம். “ஊதுற வேலையை இன்னையோட விட்டுடச் சொல்லுங்கம்மா” என்றான்.

ஊதுகிற வேலை. பலூனா ஊதுகிறார்? ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டால் காது வந்துவிடுமா? இவன் அப்பன் கல்யாணத்துக்கு எங்கள் மாமனார்தான் வாசித்திருப்பார்.

வெளியே வந்தேன். “என்னவாம்?” என்றார்.

“தூசி ஆகலையாம். மாத்திரை குடுத்திருக்கான்.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார். முட்டி வலிக்கு டாக்டர் ஒன்றும் எழுதித் தரவில்லை. நானும் கேட்க மறந்துவிட்டேன்.

மாசி 24, சனி

இருதயராஜ் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை ஒரு பழைய கிளைச்சிறையை இடித்த கட்டை. சர்க்கார் ஏலம், ரசீது, எல்லாம் சுத்தம். போனில் படம் காட்டினான். கணு இல்லை, கீறல் இல்லை.

“ஜெயில் கட்டையா?” என்றார் இவர். “மங்கல வாத்தியம்யா. தாலி கட்டுற நேரத்துல வாசிக்கறது. கைதி பெருமூச்சு விட்ட இடத்து உத்திரத்துலயா பண்ணுறது?”

“ஐயா, கைதிதானுங்க குத்தம் பண்ணுனது, கட்டை என்னங்க பண்ணுச்சு?”

வாஸ்தவமான கேள்வி. பதில் இல்லாத இடத்தில் மரபு, சாஸ்திரம் என்று ஆரம்பித்துவிடுவார். ஜாதகம் பார்க்காமல் பதிவு அலுவலகத்தில் என்னைக் கல்யாணம் செய்துகொண்டவருக்குக் கட்டைக்கு ஜாதகம் வேண்டியிருக்கிறது.

இருதயராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இன்னொரு வழியும் உண்டு என்றான். காட்டுக் கட்டை. மலையடிவாரத்தில் ஒருத்தன் வெட்டி வருஷக்கணக்கில் குட்டையில் ஊறப்போட்டு வைத்திருக்கிறானாம். பழைய கட்டடத்து அனுமதிச் சீட்டு ஒன்றைக் கூடச் சேர்த்து ஏற்றிவிடலாமாம்.

“ஜெயில் உத்திரம் வேண்டாம்னா ஜெயிலையே காட்டுறியா நீ?” என்றேன். “காப்பி குடிச்சிட்டுக் கிளம்பு.”

குடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

பங்குனி 4, செவ்வாய்

கோயில் அறங்காவலர் கலியபெருமாள் வந்தார். சட்டைப் பையில் கட்சித் தலைவர் படம், கண்ணாடி மாதிரி தெரிகிற சட்டை. நெல் மிஷின் வைத்திருக்கிறார். கோயிலையும் இன்னொரு மிஷினாகத்தான் நினைக்கிறார்.

வைகாசித் தேருக்கு இவர்தான் வாசிக்க வேண்டுமாம். சாமி தேர் ஏறும்போது வாசிக்கிற மல்லாரி இவர் குடும்பத்துப் பாத்தியதை. மூன்று தலைமுறையாக வேறு யாரும் வாசித்ததில்லை. “நீங்க இப்ப மேடை ஏறுறதில்லைன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க. புதுசா ரெண்டு பசங்க நல்லா வாசிக்கிறாங்க. ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க” என்றார்.

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “யார் சொன்னது? புது நாயனம் வந்துட்டிருக்கு. தேருக்கு அதுலதான் வாசிக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

போயிற்று. கலியபெருமாள் பழத்தட்டை வைத்துவிட்டுப் போனார். தேர் அன்றைக்கு நாலு வீதியும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கழுத்தில் மாலையோடு, வெயிலில், ஊரே நின்று பார்க்க. இவர் நடுவில் அறுந்து நின்றால் கலியபெருமாள் மாதிரி ஆட்கள் அதையும் போனில் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். மல்லாரியை இவர் விட்ட இடத்தில் நான் எடுத்து ஒப்பேற்ற முடியாது. எல்லோர் கண்ணும் இவர் வாயில்தான் இருக்கும்.

நாயனம் வராமல் இருக்கிற வரைக்கும்தான் பிழைப்பு.

பங்குனி 5, புதன்

பழத்தட்டில் ஆப்பிள் இரண்டு உள்ளே அழுகல். கலியபெருமாள் கைராசி.

பங்குனி 16, ஞாயிறு

நல்ல கட்டை கிடைத்துவிட்டது.

தம்மம்பட்டி போகிற வழியில் ஒரு சத்திரம். யாத்ரீகர்கள் தங்குவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் கட்டியது. ஜெயில் இல்லை, மில் இல்லை, சாவு விழுந்த வீடு இல்லை. சாஸ்திரத்துக்கு வாயே இல்லை. இருதயராஜ் கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போனான். ஆசாரியும் வந்தார். போகிற வழியெல்லாம் வெள்ளைக்காரியின் பெருமை.

உத்திரத்தை இறக்கி மர நிழலில் கிடத்தியிருந்தார்கள். இவர் குந்தி உட்கார்ந்து விரல் மடக்கித் தட்டினார். காது வைத்துக் கேட்டார். மறுமுனைக்குப் போய்த் தட்டினார். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம், தெளிவாக, நீளமாக. தலையிலிருந்து கால் வரை நேர் ரேகை. ஆசாரி இழைப்புளியால் ஓரம் சீவினார். சுருள் சுருளாக, சிவப்பாக வந்தது. வாசனை பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. அவர் வாய் மூடி நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

இவர் இன்னும் குனிந்துகொண்டே இருந்தார். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்து கணு தேடினேன், கீறல் தேடினேன், பூச்சித் துளை தேடினேன். சேலைத் தலைப்பால் துடைத்துக்கூடப் பார்த்தேன். ஒரு குறை கிடைக்கவில்லை. நிமிர்ந்தபோது இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்கய்யா, பேசவே மாட்டேங்கறீங்க?” என்றான் இருதயராஜ்.

“நல்ல கட்டை” என்றார் இவர்.

ஆசாரி சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். ஒரு ஜோடிக்குச் சரியாக இருக்கும், பதினைந்து நாளில் கடைந்து தந்துவிடுவேன் என்றார். எந்த வேலையும் சொன்ன தேதிக்குத் தராத மனுஷருக்கு இப்போதுதான் சுறுசுறுப்பு வர வேண்டுமா?

அனுமதிச் சீட்டு வாங்கி, புதன்கிழமை வேனில் ஏற்றி அனுப்புவதாக இருதயராஜ் சொன்னான்.

பங்குனி 17, திங்கள்

ஆசாரி ஊரெல்லாம் போன் போட்டுவிட்டார். காலையிலிருந்து வருகிறார்கள். “சத்திரத்து ஆச்சாவாமே, யோகம்தான்” என்கிறார்கள். தவில்காரர் ஜிலேபியோடு வந்தார். தேரன்று பின்னிவிடலாம் என்றார். கலியபெருமாள் போனில் வாழ்த்துச் சொன்னார். நோட்டீஸில் ‘புதிய நாதஸ்வரத்தில்’ என்று போடப்போகிறாராம். ஜவுளிக்கடைத் திறப்பு விழா மாதிரி.

எல்லோரும் போன பிறகு இவர் பழைய நாயனத்தை உறையிலிருந்து எடுத்தார். துணியால் துடைத்தார். சீவாளியை வாயில் வைத்து நனைத்தார். நான் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது திரும்பவும் உறையில் போட்டு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஜிலேபியை அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. எறும்பு தின்றது.

பங்குனி 18, செவ்வாய்

பூ வாங்கப் போனேன். முழம் விலை ஏறியிருக்கிறது. பூக்காரியின் போனை வாங்கி ஒரு போன் பேசினேன். என் போனில் சார்ஜ் இல்லை.

பங்குனி 19, புதன்

காலையில் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு நின்றார். எங்கே என்றேன். கட்டையோடு கூடவே தானும் வேனில் வரப்போகிறாராம். இருதயராஜின் மச்சான் காரில் வந்து கூட்டிக்கொண்டு போகிறானாம்.

“நீங்க எதுக்கு? அவன்தான் ஏத்திவிடறானே. வேணாம், போகாதீங்க.”

“ஏன் போகக்கூடாது?”

காரணம் கேட்டால் என்ன சொல்வது. வெயில் என்றேன். தூசி என்றேன். இவர் காலம் முழுக்க என் பேச்சைக் கேட்டவரா, இன்றைக்குக் கேட்க. கார் திரும்புகிற வரை வாசலில் நின்றேன்.

மத்தியானம் போன் வந்தது. வனத்துறை சாவடியில் வேனை மடக்கிவிட்டார்கள். சரக அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கட்டையை, இருதயராஜை, இவரை.

கிளம்புகிறேன். எழுத வரவில்லை.

பங்குனி 20, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் போய்ச் சேரும்போது சாயங்காலம். அந்த அலுவலகம் ஒரு மேட்டில் இருக்கிறது, படி ஏறித்தான் போக வேண்டும். அந்தப் படியை இவர் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. யார் கைபிடித்தார்களோ. உள்ளே ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். வேட்டியெல்லாம் மண். மூச்சு விடுவது வாசலுக்குக் கேட்டது.

வனச்சரகர் ஒரு இளம்பெண். நிலோபர் என்று பெயர்ப் பலகை. சர்க்கார் ஆள், கத்துவாள், காசு எதிர்பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் இவருக்குத் தன் பாட்டிலில் இருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நான் செய்ய வேண்டிய வேலை அது.

“ஐயா பெரிய வித்வான்னு இந்தப் புரோக்கர் சொன்னாரும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. சீட்டு சரியாத்தான் இருக்கு. ஆனா பச்சை மரத்தை வெட்டிப் பழைய சீட்டைக் காட்டிக் கொண்டுவராங்கன்னு நேத்து போன் வந்துச்சு. அப்புறம் நான் பார்க்காம விடமுடியாது. அதிகாரி வந்து பார்த்து, சத்திரத்துக்கும் போய்ப் பார்த்து, சான்று குடுக்கணும். ரெண்டு மாசம் ஆயிடும்” என்றாள்.

“வைகாசித் தேருக்கு வேணும்னு இவர் சொன்னாரா?”

“சொன்னாரு. அதுக்குள்ள முடியாதும்மா.”

நான் கேட்க வந்தது இதைத்தான். கேட்டுவிட்டேன். ஆனால் மனசில் ஒரு துளி சந்தோஷம் வரவில்லை.

“போன் பண்ணுனது ஆருங்க மேடம்?” என்றான் இருதயராஜ். அழுது முகம் வீங்கியிருந்தது. எனக்குத் தெரிந்து அவன் செய்த ஒரே நேர்மையான வியாபாரம் இது. இதற்குத்தான் மாட்டிக்கொண்டான்.

“பேர் சொல்லல. ஒரு அம்மாவோட குரல்” என்றாள் நிலோபர்.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லோரையும் விட்டுவிட்டாள். ராத்திரி ஊருக்குத் திரும்ப இவரால் முடியாது என்று இருதயராஜ் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். அவன் பெண்டாட்டி இவருக்குத் தலையணை மூன்றாக அடுக்கிக் கொடுத்தாள். யாரும் சொல்லாமலே. காலையில் இட்லி வைத்துவிட்டு, “எந்தச் சண்டாளி போன் பண்ணுனாளோ, நல்லா இருப்பாளா அவ” என்றாள். இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இவனைத்தான் காபிக்கு அலைகிறவன் என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். என் யோக்கியதை தெரியட்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெரம்பலூர் தாண்டிற்று. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நம்பர் எங்க புடிச்சே?”

“எந்த நம்பர்?”

“வேன்ல கட்டை ஏத்தும்போது நானே போனைக் கையில எடுத்தேன் பங்கஜம். புடிச்சுக் குடுத்துடலாம்னு. நம்பர் தெரியலை. அவன்கிட்டயே கேக்கவா முடியும்?”

பக்கத்து இருக்கையில் ஒருவன் சத்தமாக சினிமா பார்த்துக்கொண்டிருந்தான். எதிர் வரிசையில் ஒரு குழந்தை முறுக்கைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கு நடுவில்தானா இதைக் கேட்க வேண்டும்.

“சாவடிப் பலகையில எழுதியிருந்துது. சத்திரத்துக்குப் போறப்ப பார்த்து வச்சுக்கிட்டேன்” என்றேன்.

“ம்.”

“அந்த டாக்டர் சொன்னது தூசி இல்லீங்க.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“என் நெஞ்சு எனக்குத் தெரியாதா? சீர்காழியிலயே தெரியும். அதுக்கு முன்னாடியே தெரியும்.” நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். “இதை என்கிட்ட வாய் விட்டுச் சொல்றதுக்கு ஒரு வேன் கட்டையைப் புடிச்சுக் குடுக்கணுமா நீ?”

“நீங்க மட்டும் சொன்னீங்களா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒரே ராகத்தை இரண்டு பேரும் சேர்ந்து மூச்சுவிட்டு வாசித்திருக்கிறோம். ஒரு வார்த்தையைச் சேர்ந்து சொல்லத் தைரியம் இல்லை. இந்தக் கோழைத்தனத்துக்கு ஒரு சத்திரத்து உத்திரமும், ஒரு ஏமாந்த புரோக்கரும், ஒரு கோயில் நோட்டீஸும் வேண்டியிருந்தது. ஊரில் எல்லோரையும் இளக்காரமாகப் பேசத் தெரிந்த எனக்கு இதுதான் தெரியவில்லை.

சினிமா பார்த்தவனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைக்கவில்லை. இவர் அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இருதயராஜுக்கு போன் செய்து, அந்தச் சண்டாளி நான்தான் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டான். அவன் வைத்தது நியாயம்.

சித்திரை 3, புதன்

கலியபெருமாள் வந்தார். கட்டை பிடிபட்ட கதை ஊர் முழுக்கப் பரவி, இவரைச் சந்தனக் கடத்தல்காரன் அளவுக்கு உயர்த்திவிட்டிருந்தது. அனுதாபப்பட்டார். தப்பு வனத்துறை மேல் என்றார். பழைய நாயனத்திலேயே வாசித்தால் என்ன என்றார்.

“கட்டையில குறை இல்லீங்க” என்றார் இவர். “பழைய கட்டையும் நல்லாத்தான் இருக்கு. மூச்சுதான் இல்லை. நெஞ்சுல வியாதி. இனிமே நான் வாசிக்க மாட்டேன்.”

சாதாரணமாகச் சொன்னார், பால்காரனிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்வது போல.

கலியபெருமாளுக்கு முகம் எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “அப்ப அந்தப் பசங்களை...”

“எதுக்கு? பங்கஜம் வாசிக்கும். இத்தனை நாளா யார் வாசிச்சதுன்னு நெனக்கிறீங்க?”

“அம்மாவா? நாலு வீதியும்? தனியா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பொம்பளை தேருக்கு முன்னால் நடந்து மல்லாரி வாசிப்பது அவர் மிஷினில் அரைபடாத நெல்.

“உங்களுக்குச் சரிப்படலைன்னா சொல்லிடுங்க. சரின்னா, நோட்டீஸ்ல என் பேரை எவ்வளவு பெருசாப் போடறதுன்னு மட்டும் நான் சொல்றேன்” என்றேன். காபியைக் குடித்து முடித்தார். கிளம்பும்போது, கமிட்டியில் பேசிவிட்டு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ரீல்ஸில் என்ன ஆட்டம் போட்டாலும் அந்தப் பசங்களுக்கு மல்லாரி தெரியாது, அது அவருக்கும் தெரியும். வேறு வழி கிடையாது.

அவர் செருப்பு மாட்டுகிற வரை காத்திருந்துவிட்டு இவர் என்னைக் கூப்பிட்டார். பழைய நாயனம், தன்னுடையது, அதை உறையோடு என் மடியில் வைத்தார். நான் ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நாளையிலேர்ந்து காலையில எழுந்து சாதகம் பண்ணு. நான் பக்கத்துல உக்காந்து தாளம் போடறேன். மல்லாரியில மூணாம் காலம் வரும்போது உன் விரல் அவசரப்படுது. ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேன்.”

கல்யாணமானதிலிருந்து என் வாசிப்பைப் பற்றி இவர் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை. அதுவும் தப்பு. என் விரல் அவசரப்படவே இல்லை, இவர் மூச்சு முடிவதற்குள் நான்தான் ஓடிப்போய் முடித்துக்கொண்டிருந்தேன்.

நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.